ஸ்ரெல்லாவின் சைவ வௌவால்கள்

தெல்லிப்பழைப் பக்கத்தில் அண்மைக் காலத்தில் கலியாணம் கட்டிய பெண்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தலை அலங்காரம் செய்தவள் ஸ்ரெல்லா. அந்த முக்கால்வாசிப் பேரிடமும் ஒரு பொய்யையாவது சொல்லி நம்பவைத்தவளும் அவள்தான். இரண்டு வேலையையும் ஒரே கதிரையில் இருத்தியே செய்துவந்தாள்.

அவளுடைய பியூட்டி பார்லர் வீட்டின் முன் அறைதான். ஒரு பெரிய கண்ணாடி, சுழல்கிற கதிரை ஒன்று, சுழல மறுக்கிற கதிரை ஒன்று, மூலையில் தையல் மெஷின். மணப்பெண்ணின் சாறிச் சட்டையையும் அவளே தைத்துக் கொடுப்பாள். ஐம்பதைத் தாண்டியும் தனி ஆள். ஏன் கலியாணம் கட்டவில்லை என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வாள். ஒன்றில் கப்பல் கப்டன் வருவான், இன்னொன்றில் ஜெர்மன்காரன் வருவான். இடம்பெயர்ந்து வாடகை வீடு வாடகை வீடாக அலைந்த காலத்தில் தாயையும் தகப்பனையும் பார்க்க வேறு ஆள் இருக்கவில்லை என்பதுதான் உண்மைக் காரணம். அதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை என்பதால் அதை அவள் சொல்வதில்லை.

பொய்க்குத் தோதான நேரம் ஃபேஷியல் நேரம். முகம் முழுக்கக் களிமண் குழைத்த களி பூசி, கண்ணில் வெள்ளரிக்காய்த் துண்டு வைத்து, “வாயைத் திறந்தாக் களி வெடிக்கும், வெடிச்ச இடத்திலை சுருக்கம் விழும்” என்று சொல்லிவிடுவாள். அதுவே முதல் பொய். அதற்குப் பிறகு கதிரையில் இருப்பவள் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. இப்படி ஒரு வசதி அரசியல்வாதிகளுக்குக்கூடக் கிடைப்பதில்லை.

கதைக்குப் பொருள் தேடி அவள் தூரப் போகவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பின்வளவில், பக்கத்து வீட்டுக் குணலட்சுமியின் காணியும் இவளுடைய காணியும் சந்திக்கும் எல்லையிலே, பெரிய இலுப்பை மரம் ஒன்று நின்றது. அதில் வௌவால்கள் குடியிருந்தன. ஒன்றிரண்டல்ல, கொப்புத் தெரியாத அளவுக்கு. பகல் முழுக்கத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே ஒன்றோடு ஒன்று சண்டை பிடிக்கும். “என்ன சத்தம் அது?” என்று ஒருத்தி கேட்டால் போதும், ஸ்ரெல்லாவுக்கு வாய் ஊறிவிடும்.

குணலட்சுமியின் மகள் உதயகலா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவளுக்குச் சொன்ன கதை, வௌவால் தொங்கிக்கொண்டே முட்டை இடும், விழுகிற முட்டையை இறகால் ஏந்தி அப்படியே அடைகாக்கும் என்பது. பிள்ளை அதைச் சோதனையில் எழுதிவைத்தது. விஞ்ஞான ரீச்சர் அதற்குச் சரி போட்டிருந்தார். அவரும் ஸ்ரெல்லாவிடம் புருவம் எடுக்க வருகிறவர். இன்னொரு முறை ஒரு மணப்பெண் வீட்டாருக்கு, பிந்தி எழும்புகிற பெண்களின் கால் பெருவிரலில் வௌவால் இரத்தம் குடிக்கும் என்று சொன்னாள். மாமிமாருக்கு மிகவும் பிடித்துப்போன அந்தக் கதை, மருதனார்மடம் சந்தை வரைக்கும் போய், கத்தரிக்காய் விற்கிற மனிசி வாயால் அவளுக்கே திரும்பி வந்தது. வௌவாலுக்குப் பின்வாசல் இல்லை, தின்பதும் கழிப்பதும் ஒரே வாயால்தான் என்பது மட்டும் அவள் கட்டிய கதையல்ல. அது ஊரில் முன்பே இருந்தது. அவள் “ஓம், நான் கண்ணாலை கண்டனான்” என்று சாட்சி மட்டுமே சொன்னாள்.

எல்லாவற்றையும் விடப் பலமாக வேலை செய்தது குணலட்சுமிக்குச் சொன்ன பொய். ஸ்ரெல்லா அவரைக் குணமக்கா என்றுதான் கூப்பிடுவாள். குணமக்காவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் தலைமயிர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தலைக்கு மை பூச வந்து இருந்தவரிடம், வௌவாலுக்குக் கண் தெரியாது, நீட்டுத் தலைமயிரைக் கண்டால் கொடி என்று நினைத்து வந்து சிக்கிவிடும், பிறகு மொட்டை அடித்துத்தான் எடுக்கவேண்டும் என்றாள். கண் தெரியாத பிராணி தலைமயிரைக் ‘காண்பது’ எப்படி என்று குணமக்கா யோசிக்கவில்லை. அன்றில் இருந்து பின்வளவுக்குப் போவதென்றால் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத்தான் போவார். ஸ்ரெல்லா யன்னலால் பார்த்துச் சிரிப்பாள். பாவம் என்றும் நினைப்பாள்தான்; ஆனால் சிரித்து முடிந்த பிறகு.

உதயகலாவுக்குக் கனடா மாப்பிள்ளை பொருந்தியபோதுதான் வினை வந்தது. கலியாணம் மண்டபத்தில் என்றாலும், வீட்டு வாசலில் கன்னிக்கால் நட்டுப் பந்தல் போடவேண்டும், சொந்தபந்தம் எல்லாம் வரும். இலுப்பையின் பாதிக் கொப்பு குணமக்கா முற்றத்துக்கு மேலே. இரத்தம் குடிக்கிற, வாயால் கழிக்கிற, மயிரில் சிக்குகிற குருட்டுப் பட்சிகளுக்குக் கீழே பந்தல் போடுவதா என்று அவருக்கு நித்திரை போய்விட்டது. எல்லை மரம் என்பதால் பாதி உரிமை அவருக்கு இருந்தது. மரத்தைத் தறிக்கவேண்டும் என்று, ஊர் அலுவல் எல்லாம் பேசித் தீர்க்கிற வாசிகசாலைக்குப் போய்ச் சொன்னார்.

வாசிகசாலைத் தலைவர் தம்பிராசா, ஒருகாலத்தில் கூட்டுறவுச் சங்க மனேச்சராக இருந்தவர், இதைக் கேட்டுச் சந்தோசப்பட்டார். அவருக்கு முட்டு வருத்தம், இரவில் மூச்சு இழுக்கும். வௌவால் இறைச்சி முட்டுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மரம் விழுந்தால் ஒன்றிரண்டாவது அகப்படும் என்பது அவருடைய கணக்கு. மனிசன் வெள்ளிக்கிழமை முட்டை வாசம் பட்டாலே முழுகுகிற சுத்த சைவம். “மருந்துக்குத் தின்னுறது மச்சம் மாமிசத்திலை சேராது” என்று அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

கூட்டம் வைக்கப் போகிறார்கள் என்று அறிந்த அன்றைக்கு ஸ்ரெல்லாவின் கையில் முதன்முதலாக நூல் அறுந்தது. அப்போது கதிரையில் இருந்தவள் வினோஜா, பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிற பெட்டை. புருவத்துக்கு நூல் பிடிக்க வந்திருந்தாள். அதில் களி இல்லை என்பதால் கதைக்கலாம்.

“பிள்ளை, உந்த வௌவால் எண்டுறது உண்மையிலை என்ன?” என்று ஸ்ரெல்லா கேட்டாள். இத்தனை வருடமாக அந்தக் கேள்வி அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

“பறவை இல்லை அன்ரி. குட்டி போட்டுப் பால் குடுக்கிறது, எங்களைப் போலை. நீங்கள் இறகு எண்டுறது அதின்ரை கை. நாலு விரலை நீட்டி இடையிலை தோலை இழுத்துவிட்டிருக்கு. பெருவிரல் மட்டும் கொழுவிப் பிடிக்க.”

“அப்ப பறக்கிற எலி?”

“எலியும் இல்லை. அது தனி வரிசை. பால் குடுக்கிறதுகளிலை உண்மையாப் பறக்கிறது அது ஒண்டுதான்.”

“பால் எங்காலை?”

“கமக்கட்டுக்குக் கிட்ட, கைக்குக் கீழை. ஒரு முறைக்கு ஒரு குட்டிதான். முதல் கொஞ்ச நாளைக்கு நெஞ்சிலை கொழுவிக்கொண்டே பறக்கும்.”

ஸ்ரெல்லா நூலைக் கையில் பிடித்தபடியே நின்றாள். ஒரு பக்கப் புருவத்தோடு வினோஜா சொல்லிக்கொண்டே போனாள். மரத்தில் தொங்குகிற பெரிய வௌவால்களுக்கு நல்ல கண், இருட்டில் மனிசரை விட வடிவாகத் தெரியும். பூச்சி பிடிக்கிற சின்ன வகைதான் சத்தம் எழுப்பி, திரும்பி வருகிற எதிரொலியைக் காதால் கேட்டு வழி கண்டுபிடிப்பது, அதுகளும் குருடில்லை.

“ஒற்றை மயிர் தடிப்பிலை இருக்கிற கம்பியையே காதாலை கண்டு விலத்திப் போறதுகள், குணம் அன்ரியின்ரை கொண்டையிலை வந்து முட்டுமோ?”

“வாயாலை கழிக்கிறது?”

“பழத்தைச் சப்பிச் சாறை விழுங்கிப்போட்டுச் சக்கையைத் துப்பும். அதைப் பாத்துத்தான் சனம் கதை கட்டினது. உண்மையிலை அந்த அலுவல் வந்தா, பெருவிரலிலை கொழுவித் திரும்பி, தலை மேலை கால் கீழையாத் தொங்கி, அது முடியத் திரும்பவும் தலைகீழாப் போயிடும்.”

ஸ்ரெல்லாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பொய் சொன்னதற்காக அல்ல. இவ்வளவு திறமான கதைகள் பின்வளவில் தொங்கிக்கொண்டிருக்க, தான் முட்டைக் கதையும் பெருவிரல் கதையும் சொல்லிக் காலத்தைப் போக்கினோமே என்று.

“இரத்தம் குடிக்கிற இனமும் இருக்குத்தான். மொத்தம் மூண்டு வகை. எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலை. இஞ்சை இல்லை.”

“அப்ப பெரிசு சைவம், சின்னது மச்சம்.”

வினோஜா சிரித்தாள். “முந்தி அப்பிடித்தான், பெரிசு சின்னது எண்டு ரெண்டாப் பிரிச்சிருந்தவை. இப்ப மரபணுவைப் பாத்து மாத்திப்போட்டினம். பூச்சி தின்னுற சின்னதுகளிலை ஒரு பகுதி, மற்றச் சின்னதுகளை விடப் பழம் தின்னுற பெரிசுக்குத்தான் கிட்டின சொந்தம்.”

“தின்னுறதைப் பாத்துச் சொந்தம் சொல்லேலாது எண்டுறாய்.”

“ஓம். ஆனா கையாலை தொட்டுப்போடாதேங்கோ. அதுகள் கடிச்சு விட்ட பழத்தைத் தின்னவும் கூடாது. வருத்தம் தொத்தும்.”

கூட்டம் ஞாயிறு பின்னேரம். ஸ்ரெல்லா காலையில் தேவாலயத்துக்குக் கட்டிப்போன வெள்ளைச் சாறியோடேயே வந்திருந்தாள். வினோஜா சொன்னதையெல்லாம் ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் சொன்னாள். அவள் வாழ்க்கையிலே கலப்படம் இல்லாமல் கதைத்த முதற்கூட்டம் அதுதான். கமக்கட்டுப் பால் வந்த இடத்தில் பின்வரிசை சிரித்தது. பெருவிரலில் தொங்கித் திரும்புகிற இடத்தில் தம்பிராசாவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தங்கச்சி,” என்றார், “பகிடிக்கு ஒரு அளவிருக்கு.”

“பகிடி இல்லை மனேச்சர் ஐயா. உண்மை.”

உதயகலா எழும்பினாள். “முட்டை இடும் எண்டு எனக்குச் சொன்னது நீங்கள்தானே அன்ரி? இறகிலை ஏந்தும் எண்டு?”

“அது சும்மா சொன்னது.”

“அதையும் உண்மை எண்டுதான் சொன்னனீங்கள்.”

பிறகு ஆளாளுக்கு எழும்பினார்கள். பெருவிரல் இரத்தம், பின்வாசல், தலைமயிர். ஸ்ரெல்லா வருடக்கணக்காக ஊர் முழுக்கக் கடனாகக் கொடுத்துவைத்த பொய்கள் எல்லாம் வட்டியோடு திரும்பிவந்து வாசிகசாலை வாங்கில்களில் வரிசையாக இருந்தன. அவள் சொன்ன பொய்களை ஊர் கெட்டியாகப் பிடித்திருந்தது. அவள் சொன்ன உண்மையைத் தொட ஆளில்லை. குணமக்கா முடித்துவைத்தார்: “நாளைக்கில்லை, அடுத்த திங்கள் காலமை மரம் தறிக்க ஆக்கள் வருவினம். பாதி மரம் என்ரை.”

“அப்ப உங்கடை பாதியை மட்டும் தறியுங்கோ அக்கா,” என்றாள் ஸ்ரெல்லா. ஒருவரும் சிரிக்கவில்லை. வேறு நாளென்றால் சிரித்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதாள். அழுது முடிய, தன் பிழை எங்கே என்று அவளுக்கு விளங்கியது. உண்மையை மேடையில் நின்று சொன்னதுதான் பிழை. இந்த ஊரில் ஒரு கதை நிற்கவேண்டுமென்றால் அது காதுக்குள் போகவேண்டும், “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ” என்ற சத்தியத்தோடு போகவேண்டும்.

செவ்வாய்க்கிழமை தொடங்கினாள். களி பூசினாள், வெள்ளரிக்காய் வைத்தாள், குரலைத் தாழ்த்தினாள். “என்ரை மரத்து வௌவால் இருக்கெல்லே, அது சுத்த சைவம். பழமும் பூந்தேனும்தான். உயிருள்ள ஒண்டிலையும் வாய் வைக்காது. ஊரிலை சைவம் எண்டு சொல்லுற எல்லாரையும் பற்றி அப்பிடிச் சொல்லேலாது. நான் ஆரையும் சொல்லேல்லை. மச்சம் தின்னுறது வாசிகசாலை ஓட்டுக்குள்ளை இருக்கிற சின்னன்தான், நுளம்பு பூச்சி பிடிக்கிறது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

வியாழக்கிழமை கத்தரிக்காய்க்காரி அதை அவளுக்கே சொன்னாள், ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று. வெள்ளிக்கிழமை இரண்டு பெண்கள் வேலிக்கு வெளியே நின்று மரத்தை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். ஆனாலும் மரம் தறிக்கிற திங்கட்கிழமை, திங்கட்கிழமையாகவே நின்றது.

சனிக்கிழமை குணமக்கா ஃபேஷியலுக்கு வந்தார். மகளின் கலியாணத்துக்கென்று முன்பே சொல்லிவைத்த நாள். சண்டை வேறு, ஃபேஷியல் வேறு என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. தலைத் துவாயை அவிழ்த்து வைத்துவிட்டு, சுழலாத கதிரையில் சாய்ந்தார்.

ஸ்ரெல்லா களியைப் பூசினாள். சைவக் கதையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை. வேறொன்று வந்தது.

“அக்கா, ஆமி எங்கடை காணியளைத் திருப்பி விட்ட நேரம் அப்பாவும் நானும்தான் வந்தனாங்கள். வீடு இல்லை. கிணறு மூடிக் கிடக்கு. வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. ஆளுயரத்துக்குப் பற்றை. பிறந்து வளந்த வளவு எது எண்டு தெரியாமல் அப்பா பொல்லை ஊண்டிக்கொண்டு நிண்டு அழுதார். அவர் அழுது நான் அதுக்கு முந்திக் கண்டதில்லை. அப்பதான் இதுகள் கத்திச்சுது. அப்பா காதைக் குடுத்துக் கேட்டுப்போட்டு, ‘உது எங்கடை வௌவால்’ எண்டார். சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு பற்றைக்குள்ளாலை நடந்தம். மரம் நிண்டுது. அதிலை இருந்து காலாலை அளந்துதான் இஞ்சை குசினி, இஞ்சை விறாந்தை எண்டு அப்பா காட்டினவர். நீங்கள் வவுனியாவிலை இருந்து வந்தபோதும் அப்பாதான் காட்டினவர், ‘மரத்துக்கு மேற்காலை உங்கடை’ எண்டு. எனக்கு அந்த மரம் இல்லாட்டி அப்பா இல்லை அக்கா. வேறை ஒண்டும் இல்லை.”

கதை அவ்வளவுதான். அதில் ஒரு கப்டனும் வரவில்லை. குணமக்கா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் களி வெடிக்கும் அல்லவா. இடப் பக்க வெள்ளரிக்காய்த் துண்டுக்குக் கீழேயிருந்து ஒரு துளி இறங்கிக் களியில் கோடு போட்டது. வெள்ளரிக்காய்த் தண்ணியாகவும் இருக்கலாம்.

“உங்கடை பூட்டனும் என்ரை பூட்டியும் கூடப்பிறந்தவை எண்டு அம்மா சொல்லுறவ,” என்றாள் ஸ்ரெல்லா, ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே. “ஒருதர் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போய் வேதக்காரராகிப்போனார். அதுக்குப் பிறகு ரெண்டு வீடும் அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை.”

குணமக்கா கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஊர்ச் சனத்துக்கு முன்னாலை சொன்ன சொல்லு. இப்ப நான் மாத்தினா என்னைப் பாத்துச் சிரிக்குங்கள்,” என்றார். துவாயைத் தலையில் சுற்றினார். வாசல்படியில் நின்று, “பிள்ளையின்ரை சட்டை தைச்ச துணியிலை மிச்சம் கிடந்தாத் தாரும்,” என்றார். சிவப்புப் பட்டு, கரையில் மெல்லிய சரிகை. ஸ்ரெல்லா சுருட்டிக் கொடுத்தாள். மனம் வேறெங்கோ இருந்ததால் எதற்கென்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை செபநாயகம் மரம் அரிகிற மெஷினோடும் இரண்டு ஆட்களோடும் வந்தான். பின்னால் தம்பிராசா வந்தார், கையில் ஒரு மூடிச் சட்டி. இன்னும் பத்துப் பதினைந்து பேர் வேலியோரம் நின்றார்கள். ஸ்ரெல்லா வெளியே வராமல் இருக்கத்தான் நினைத்தாள். மெஷின் சத்தம் கேட்காமல் ஆட்களின் சத்தம் மட்டும் கேட்கவே வந்தாள்.

இலுப்பையின் அடியைச் சுற்றிச் சிவப்புப் பட்டு கட்டியிருந்தது. அதற்கு மேலே மூன்று திருநீற்றுக் குறி. கீழே ஒரு கல்லு நட்டு, அதன் முன்னால் ஒரு மண்விளக்கு, பூசைக்கு வைக்கிற மஞ்சள் தேசிக்காய் ஒன்று.

“ஆர் கட்டினது?” என்று குணமக்காதான் எல்லாரையும் விடப் பலத்துக் கேட்டார்.

ஒருவருக்கும் தெரியவில்லை. பின்னால் யாரோ, சுத்த சைவமான சீவன்கள் தங்குகிற மரத்தில் காவல் தெய்வமான வைரவர் இருப்பதில் என்ன புதினம் என்றார்கள். அது நியாயமாகவே பட்டது. கிழமை முழுக்க எல்லாரும் கேட்ட கதைதானே. ஒருவர் செருப்பைக் கழற்றினார். பிறகு எல்லாரும் கழற்றினார்கள்.

“மெஷினைப் போடும் தம்பி,” என்றார் தம்பிராசா, மனமில்லாத குரலில், ஒரு கடைசி முயற்சியாக.

செபநாயகம் மெஷினை நிலத்தில் வைத்தான். “நான் வேதக்காரன்தான் ஐயா. கர்த்தர் என்னை மன்னிப்பார். வைரவர் என்ரை மெஷினை மன்னிக்கமாட்டார். போன முறை ஒரு மரத்திலை கை வைச்சு மூண்டு மாசம் ஸ்ராட் வரேல்லை.”

எல்லாருடைய கண்ணும் தம்பிராசாவின் சட்டிக்குப் போனது. மனிசன் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “பொங்கலுக்குக் கொண்டந்தனான்,” என்றார். வேறு வழியில்லாமல் அன்றைக்கு அந்தச் சட்டியில் பொங்கல் பொங்கியது. அரிசி அவருடையது. பிறகு முட்டு வருத்தத்துக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போய், வாயில் வைத்து இழுக்கிற ‘பம்ப்’ வாங்கினார் என்றும், அது நன்றாக வேலை செய்கிறது என்றும் கேள்வி.

ஸ்ரெல்லா பட்டைப் பார்த்தபடி நின்றாள். கரையில் மெல்லிய சரிகை. ஒரு மூலையில் அவளுடைய கத்தரி வெட்டிய வளைவு, சட்டையின் கைக்குழி வெட்டு. அந்த வளைவை அவள் எங்கு கண்டாலும் அடையாளம் கண்டுவிடுவாள். நிமிர்ந்து குணமக்காவைப் பார்த்தாள். குணமக்கா கண்ணை மூடி, கை கூப்பி, மிகுந்த பக்தியோடு நின்றார். ஸ்ரெல்லாவின் நாக்கு நுனியில் ஒரு உண்மை வந்து நின்றது. சொன்னால் மரம் விழும். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கதையை வாய்க்குள்ளேயே வைத்து விழுங்கினாள். அது பெரிய கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கன்னிக்கால் நட்டார்கள். பந்தலுக்கு மேலே ஒரு தறப்பாள் கூடுதலாகக் கட்டினார்கள், அவ்வளவுதான். உதயகலாவுக்குத் தலை அலங்காரம் ஸ்ரெல்லாதான். பிள்ளை கதிரையில் இருந்து, “இப்பவாவது சொல்லுங்கோ அன்ரி, முட்டையோ குட்டியோ?” என்று கேட்டாள். “நீ கனடாவுக்குப் போய்ப் படிச்சுப் பார்,” என்றாள் ஸ்ரெல்லா. அதற்கு மேல் ஒன்றும் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கலியாணம் முடிந்து, சனம் கலைந்து, தறப்பாளும் கழற்றிய பிறகு ஒரு காலை. ஸ்ரெல்லா பின்வளவில் சருகு கூட்டிக்கொண்டு நின்றாள். மரத்தடிக் கல்லைச் சுற்றி யாரோ புதுப் பூ வைத்திருந்தார்கள். அதை விலத்திக் கூட்டினாள். மேலே வழக்கம்போலச் சண்டை. குணமக்கா முழுகிவிட்டு வந்தார். துவாய் தோளில் கிடந்தது. இடுப்புக்குக் கீழே ஈரத் தலைமயிர், ஒரு முடிச்சும் இல்லாமல் விரிந்திருந்தது. நேரே மரத்துக்குக் கீழே வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, மயிரை உதறினார்.

“அக்கா, சிக்கும்,” என்றாள் ஸ்ரெல்லா, பழக்கத்தில்.

“சிக்கட்டும். நீர்தானே இருக்கிறீர், எடுத்துவிட.” விரலால் ஈரத்தைக் கோதினார். “இவ்வளவு வருசம் என்னைத் துவாயோடை ஓடவிட்டு யன்னலாலை பாத்துச் சிரிச்சனீர். தெரியாதெண்டு நினைச்சீரோ?”

ஸ்ரெல்லா விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். “பட்டுக்கு…” என்று தொடங்கினாள்.

“என்ன பட்டு?” என்றார் குணமக்கா. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. “எனக்கு ஒண்டும் தெரியாது. ஆனா உம்மடை போதகரை நேற்றுச் சந்தையிலை கண்டனான். மரத்தடியிலை ஆர் விளக்கு வைக்கிறது எண்டு கேட்டார். எங்கடை ஸ்ரெல்லாதான், வெள்ளிக்கிழமை தவறாமல், தேவாரமும் பாடுறவ எண்டு சொல்லிவிட்டனான். ஞாயிற்றுக்கிழமை உம்மோடை கதைக்கவேணுமாம்.”

“அக்கா, உண்மையாவோ?”

“ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேயும்.”

ஸ்ரெல்லா அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தாள். பொய்யா மெய்யா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அறிவதென்றால் ஞாயிறு வரைக்கும் இருக்கவேண்டும். குணமக்கா தலைமயிரை முதுகில் பரப்பிவிட்டு, வௌவால்களுக்குக் கீழால் ஆறுதலாக நடந்து தன்னுடைய பாதிக்குப் போனார்.